கோணவாய் முயலும் முதற்கவளமும்

காடு இறங்கி வந்து ஊர்க்குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் முள்ளிக்காட்டின் ஓரத்தில் குன்றுடையூர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஓர் அரசன்.

அவனுக்கு அப்பன் வைத்த பெயர் என்னவென்று ஒருவருக்கும் நினைவில்லை. அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அருளரசன். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை இங்கேயே நின்றுவிடும். ஆகையால் விடுங்கள், மேலே கேளுங்கள்.

ஒரு நாள் வேட்டையில் அவன் அம்பு பட்டுச் சினைமான் ஒன்று செத்தது. அரசன் அழுதான். மூன்று நாள் அன்னந்தண்ணீர் தொடவில்லை. நான்காம் நாள் முரசு அறைந்தார்கள்.

"இனி இந்த நாட்டில் வேட்டை கிடையாது. பயிர்க்காவலுக்குக் கட்டிய வலையில் எந்த உயிர் சிக்கினாலும் கொல்லக் கூடாது. யாராவது ஒருவர் அதைத் தம் வீட்டுக்கு விருந்தாளியாக எடுத்துப் போக வேண்டும்."

நல்ல உத்தரவுதானே? நல்ல உத்தரவுதான். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் முரசு அதோடு நிற்கவில்லை. "விருந்தாளிக்குப் புல் போடுவது அவமதிப்பு. விருந்தாளிக்கு எச்சில் தின்னக் கொடுப்பது பாவம். வீட்டுப் பானையில் வெந்த சோற்றின் முதற்கவளம் விருந்தாளிக்கே. அந்த வீட்டுக் கவளம் மட்டும் போதாது, அந்தத் தெருவில் உலையேறும் ஒவ்வொரு வீட்டின் முதற்கவளமும் அதற்கே. நெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, கையால் ஊட்ட வேண்டும்."

முதலில் ஒரு மான் வந்தது. அதை அரசனே எடுத்துக்கொண்டான். தன் முத்திரை மோதிரம் போட்ட கையால் நெய்ச்சோறு ஊட்டினான். பதினோராம் நாள் மான் வயிறு உப்பிச் செத்தது.

பிறகு ஒரு கௌதாரி வந்தது. பால்சோறு ஊட்டினார்கள். ஆறாம் நாள் செத்தது.

பிறகு ஒரு முள்ளம்பன்றி வந்தது. வெல்லச்சோறு ஊட்டினார்கள். அது கொஞ்சம் தாக்குப் பிடித்தது. இருபதாம் நாள் செத்தது.

செத்ததும் தெருவே கூடி அழுதது. மேளம் வைத்து, பூத்தூவி, ஊருக்கு மேற்கே அருள்தோட்டம் என்று ஓர் இடத்தில் புதைத்தார்கள். "வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தது, கொடுத்து வைத்த உயிர்" என்றார்கள். எந்த வீட்டில் விருந்தாளி செத்ததோ அந்த வீட்டுப் பெண்ணின் மணிக்கட்டில் அரசன் ஒரு செம்பட்டுக் கயிறு கட்டினான். கயிறு கட்டிய கை தெருவில் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஒருவராவது, ஊரில் ஒரே ஒருவராவது, "ஏன் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை?" என்று கேட்கவில்லை.

"அன்பாகத்தானே கொடுத்தார்கள்" என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள். அதற்குத்தான் இந்தக் கதை.

நான்காம் ஆண்டில் அந்தச் சத்தம் தொடங்கியது.

பேய்க்கதை என்றால் இருட்டில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? இது உச்சி வேளையில் நடந்தது. நிழல்கள் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கிக்கொள்ளும் நேரம். காக்கைகூட வாய் திறக்காத வெயில். அப்போது ஊர் முழுக்க யாரோ மெல்லும் சத்தம் கேட்கும்.

சவக்... சவக்... சவக்...

சுவருக்குள் கேட்பது போலிருக்கும். சுவரில் காது வைத்தால் தரைக்குள் கேட்பது போலிருக்கும். தரையில் காது வைத்தால் தன் வாய்க்குள்ளேயே கேட்பது போலிருக்கும். வெயில் சாயும்வரை மெல்லும். பிறகு நின்றுவிடும்.

முதற்கவளத்துக்கு அதிகாரியாக இருந்தவர் மாராயர். அவர் சொன்னார்: "தெய்வங்கள் நம் கவளத்தை ஏற்றுக்கொள்கின்றன. கண்ணை மூடி, கை கூப்பி நில்லுங்கள்." ஊர் அப்படியே நின்றது. அன்றிலிருந்து தினமும் உச்சி வேளையில் குன்றுடையூர் கண்ணை மூடி, கை கூப்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

அந்த ஊரில்தான் பாவாயி இருந்தாள்.

பாவாயி அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுக்கிறவள். அவளுக்கு அரிவாளைவிடக் கூர்மை காது. குதிரை மெல்லுவதைக் கேட்டே அதன் உடம்பைச் சொல்லிவிடுவாள். "மூணு சத்தம் கேக்கணும்" என்பாள். "பல்லு அரைக்கணும், தொண்டை இறக்கணும், வயிறு வாங்கணும். மூணும் கேட்டா குதிரைக்கு ஒண்ணுமில்லை. ஒண்ணு குறைஞ்சாலும் வைத்தியரைக் கூப்பிடு."

அவள் மணிக்கட்டிலும் ஒரு செம்பட்டுக் கயிறு இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவளும் ஒரு முயலை எடுத்து வந்திருந்தாள். நெய்ச்சோறு ஊட்டினாள். ஒன்பதாம் நாள் அது அவள் மடியிலேயே விறைத்துப் போயிற்று. நாள் முழுக்கப் புல்லறுத்து, புல் சுமந்து, புல்வாசத்தோடு தூங்கி எழுகிறவள், முயலுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்! சிரிப்பு வருகிறதா? சிரிக்காதீர்கள். குதிரை வேலைக்காரன், முயல் விருந்தாளி. விருந்தாளிக்குப் புல்லைப் போட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி வந்துவிட்டால், தெரிந்ததெல்லாம் மறந்து போகும். எவ்வளவு படித்தவர்களுக்கும் அப்படித்தான். அவளை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த ஆண்டு வலையில் இன்னொரு முயல் சிக்கியது.

வலையை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட கல் அதன் முகத்தில் விழுந்திருந்தது. உயிர் போகவில்லை, ஆனால் கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மேல்பல் ஒரு திசை பார்த்தது, கீழ்ப்பல் ஒரு திசை பார்த்தது. மாராயர் அதைக் கூடையோடு ஊர்ப்பொது மந்தைவெளியில் வைத்து, "விருந்தாளியை யார் ஏற்கிறீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார்.

மூன்று முறையும் ஒருவரும் முன்வரவில்லை.

பாவாயிக்கு அடுத்த வீட்டுக்காரி நல்லாத்தாள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கு வாயே திரும்பியில்ல இருக்குது! கவளத்தை எதுலே வைக்கிறது, காதுலயா?" என்றாள். கூட்டம் சிரித்தது.

கூடைக்குள் இருந்த முயல் சிரிப்பு வந்த பக்கம் காதைத் திருப்பியது. அதன் கண்கள் பாவாயியைப் பார்த்தன. முயலின் கண்ணில் கெஞ்சல் இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் அவளை என்னவோ செய்தது. போன முயலும் கடைசி நாளில் அப்படித்தான் பார்த்தது.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

முதல் நாள் வழக்கப்படி நெய்ச்சோறு ஊட்டினாள். வாய்க்குள் போன சோறு கோணல் வழியாக வெளியே வந்து விழுந்தது. இரண்டாம் நாள், சோறுதான் ஆகவில்லை என்று, வாழைப்பழம் மசித்துக் கொடுத்தாள். கொஞ்சம் உள்ளே போனது. சிறிது நேரத்தில் முயல் பக்கவாட்டில் சாய்ந்து பற்களை நறநறவென்று கடித்தது. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். காற்றடைத்த தோற்பை போல் இருந்தது. இது தின்னும் சத்தம் அல்ல, வலிச் சத்தம் என்று அவள் காதுக்குத் தெரிந்தது. விடிய விடிய அந்த வயிற்றை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் புல்லறுத்து வந்த அசதியில் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். மூலையில், அதற்கு முன் நிழலில் போட்டு வைத்திருந்த கொழுக்கட்டைப்புல் இருந்தது. இரண்டு நாள் காய்ந்து, பச்சை மாறாமல், நீர் மட்டும் வற்றிய புல். முயல் உடம்பை இழுத்துக்கொண்டு அதன் பக்கம் போனது. ஒரு நுனியை வாயில் வாங்கியது. நீளமான தாள் கோணவாயிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி வாங்கியது. மறுபடி விழுந்தது.

பாவாயி அரிவாளை எடுத்து, அந்தப் புல்லை நகத்தளவு நகத்தளவாக நறுக்கி, முன்னால் வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

பல் அரைத்தது. தொண்டை இறக்கியது. வயிறு வாங்கியது.

அவள் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அல்ல. போன முயலிடம் இந்த மூன்றில் இரண்டை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காது இருந்தது. கேட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் தெருப்பெண்கள் தத்தம் முதற்கவளத்தோடு வந்தபோது பாவாயி வாசலை மறித்து நின்றாள்.

"யாரும் ஊட்ட வேண்டாம். அதுக்குச் சோறு ஆகாது."

"ஆகாதா?" என்றாள் நல்லாத்தாள். "நான் வடிச்ச சோறு அரசன் வீட்டு விருந்துலேயே ஆச்சு. உன் கோணவாயனுக்கு ஆகாதா?"

"உங்க சோத்துல குத்தம் இல்லைக்கா. அது முயலு."

"அப்புறம் என்னத்தைத் திங்குது?"

பாவாயி தயங்கினாள். பிறகு சொன்னாள். "புல்லு."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "விருந்தாளிக்குப் புல்லா! ஏண்டி பாவாயி, உனக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல என்ன இருக்குது?"

இதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மெல்லும் சத்தம் தொடங்கியது. சவக்... சவக்... பெண்கள் அங்கேயே கண்ணை மூடிக் கை கூப்பினார்கள். நல்லாத்தாள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அலறினாள்.

முயல் குனிந்து, தன் உடம்பிலிருந்து வந்ததைத் தானே வாயால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

முயல்கள் அப்படித்தான். ஒரு முறை தின்ற புல்லை வயிறு பாதிதான் வாங்கும். மீதியை மெத்தென்று உருண்டையாக வெளியே விடும். அதை மறுபடி தின்றால்தான் உயிருக்குச் சத்து. மாடு அசைபோடுவதை வாய்க்குள் செய்கிறது, முயல் சுற்றி வந்து செய்கிறது, அவ்வளவுதான். காட்டில் இது யார் கண்ணுக்கும் படாமல் நடந்துவிடும். குன்றுடையூரில் பட்டுவிட்டது.

"மலத்தைத் திங்குது! பிசாசு பிடிச்சிருக்குது! புல்லுப் போட்டதுக்கு வந்த வினை!"

மாராயர் வந்தார். மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார். நடுவில் ஓட்டை போட்ட வேப்பம்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, முயல் குனிய முடியாதபடி அதன் கழுத்தில் மாட்டினார். "விருந்தாளியின் தூய்மையைக் காப்பது நம் கடமை" என்றார். கடமையை முடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டு நாளில் முயலின் முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல் ஆயிற்று. நறுக்கிய புல்லையும் முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. மூன்றாம் நாள் காலை பாவாயி அந்தப் பலகையைத் தன் அரிவாளால் இரண்டாகப் பிளந்து அடுப்பில் போட்டாள்.

புகையின் வேப்பவாசம் தெருவுக்குச் சொல்லிவிட்டது. தெரு மாராயரிடம் சொல்லிவிட்டது. அவர் வாசலில் நின்று தீர்ப்பை வாசித்தார்.

"ஏ புல்லுக்காரி! முதற்கவளத்தை மறுத்தாய். விருந்தாளிக்குப் புல் போட்டாய். தூய்மைப் பலகையை எரித்தாய். இன்றைக்கு மூன்றாம் நாள் உச்சி வேளையில், அருள்தோட்டத்தில், அரசரே தம் கையால் இந்த விருந்தாளிக்குக் கவளம் ஊட்டுவார். அது முடிந்ததும் வன்னெஞ்சக்காரியான நீ ஊரைவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டும்."

"கவளம் உள்ளே போனா அது செத்துரும், சாமி."

"செத்தால் அதற்கு மோட்சம். உனக்குத்தான் கயிறு கிடைக்காது."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனமாரச் சொன்னார். அதுதான் பயங்கரம்.

பாவாயிக்கு இரண்டு உச்சி வேளைகள் மிச்சம் இருந்தன.

முதல் நாள் சத்தம் தொடங்கியபோது அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள். இருபுறமும் மனிதர்கள் கை கூப்பி, கண் மூடி, தூண் போல் நின்றார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நடந்து போனாள். ஓர் இமைகூட அசையவில்லை. சில முகங்களில் தாடை மட்டும் லேசாக அசைந்தது, சத்தத்தோடு சேர்ந்து. மென்றுகொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அவள் காதை மட்டும் நம்பி நடந்தாள். சத்தம் மேற்குப் பக்கம் தடித்தது.

இரண்டாம் நாள் நேரே அருள்தோட்டத்துக்குப் போனாள். வரிசை வரிசையாக மண்மேடுகள். வெயிலில் ஒரு மேட்டுக்கும் நிழல் இல்லை. அவளுடைய பழைய முயலைப் புதைத்த மேட்டில் காதை வைத்துப் படுத்தாள்.

சவக்... சவக்... சவக்...

பல் அரைத்தது. தொண்டை இறக்குவதற்காகக் காத்திருந்தாள். மறுபடி பல் அரைத்தது. நூறு முறை அரைத்தது. தொண்டை இறக்கவே இல்லை. அடுத்த மேட்டில் காது வைத்தாள். அதற்கு அடுத்த மேட்டில் வைத்தாள். எல்லாவற்றிலும் மெல்லும் சத்தம் இருந்தது, ஒன்றிலும் விழுங்கும் சத்தம் இல்லை.

செத்தும் அவை மென்றுகொண்டிருந்தன. செத்த நாளிலிருந்து, அதே கவளத்தை.

மூன்றாம் நாள் ஊர் முழுவதும் அருள்தோட்டத்தில் கூடியது. அரசன் மடியில் பட்டு விரித்து, அதன்மேல் கோணவாய் முயலை வைத்திருந்தான். பக்கத்தில் பொற்கிண்ணத்தில் நெய்ச்சோறு. அவன் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

"பெண்ணே, இந்த வாயில்லா உயிரைப் பட்டினி போட உனக்கு எப்படி மனம் வந்தது? உனக்கு இரக்கமே கிடையாதா?"

"இருந்துச்சுங்க, சாமி. அதை வெச்சுத்தான் போன முயலைக் கொன்னேன்."

கூட்டம் சலசலத்தது. மாராயர் கையை ஓங்கினார். அரசன் தடுத்தான்.

"என்ன சொல்கிறாய்?"

"அதோ அந்த மேடு என் முயலுது. தோண்டிப் பாக்கிறேன், உத்தரவு கொடுங்க. உள்ளே வெறும் எலும்பு இருந்தா நீங்க ஊட்டுங்க, நான் இப்படியே காட்டுக்கு நடக்கிறேன். வேற ஏதாச்சும் இருந்தா, நாம ஊட்டினது யார் பசிக்குன்னு நீங்களே சொல்லுங்க."

"புதைத்ததைத் தோண்டுவது பாவம்!" என்றார் மாராயர்.

"எப்படியும் என்னைக் காட்டுக்கு அனுப்பத்தானே போறீங்க? இந்தப் பாவத்தையும் சேத்து மூட்டை கட்டிக்கறேன்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அரசன் தலையசைத்தான்.

பாவாயி மண்டியிட்டு அரிவாளால் மண்ணைக் கிளறினாள். பிறகு கையால் அள்ளினாள். ஒரு முழம் போனது. எலும்பு இல்லை. மயிர் இல்லை. மண் பொடிப்பொடியாக, மெல்லியதாக, அரைத்தது போல் இருந்தது. இன்னும் ஒரு சாண். கைக்கு வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

வெளியே எடுத்தாள்.

ஒரு கவளம் சோறு. வெள்ளை வெளேரென்று. ஆவி பறந்தது. அருள்தோட்டம் முழுக்க நெய் மணந்தது.

அதன்மேல் ஐந்து விரல் தடம் இருந்தது. சுண்டுவிரல் தடத்தில் ஒரு சிறு வெட்டு. பாவாயி தன் வலது கையைப் பார்த்தாள். சின்ன வயதில் அரிவாள் பட்ட வெட்டு அவள் சுண்டுவிரலில் இருந்தது. கையை அந்தத் தடத்தில் வைத்தாள். பொருந்தியது.

அந்தக் குழியில் மட்டும் மெல்லும் சத்தம் எழவில்லை. மற்ற மேடுகளில் அப்போதுதான் தொடங்கியது.

ஒருவரும் கண்ணை மூடவில்லை.

நல்லாத்தாள்தான் முதலில் ஓடினாள். அவள் வீட்டு முள்ளம்பன்றியின் மேட்டில் விழுந்து இரண்டு கையாலும் பறித்தாள். அவள் எடுத்த கவளத்தில் வெல்லப்பாகு இன்னும் சொட்டியது. அவளுடைய விரல். அவளுடைய பிடி. கௌதாரி வீட்டுக்காரி எடுத்தாள். பால்சோறு, புளிக்கவே இல்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் கவளத்தைத் தேடி எடுத்தார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. நாம் பிடித்த பிடி நமக்குத் தெரியாதா?

அருள்தோட்டத்தில் ஊரே ஆளுக்கொரு சூடான கவளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கீழே வைக்கவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஒரு மேட்டில் மட்டும் சத்தம் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய மேடு. மானுடையது.

"இது சூனியம், அரசே, போய்விடலாம்" என்றார் மாராயர். சொன்னவரின் கையிலும் ஒரு கவளம் இருந்தது.

அரசன் முயலைப் பட்டோடு பாவாயி கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். மண்டியிட்டான். தோண்டினான். அவன் எடுத்த கவளத்தில் மோதிரத்தின் முத்திரை தெளிவாகப் பதிந்திருந்தது.

"இது... நான் ஊட்டியது" என்றான். "நான் அழுதுகொண்டே ஊட்டியது."

"தெரியுதுங்க, சாமி. இப்ப அதை நீங்க சாப்பிடுங்க."

மாராயர் மூச்சை இழுத்துக்கொண்டார். அரசன் பாவாயியைப் பார்த்தான். பிறகு கவளத்தைப் பார்த்தான். வாயில் போட்டான்.

மென்றான். நெய்யும் சோறும் நல்ல ருசியாகவே இருந்தன. விழுங்கப் பார்த்தான். இறங்கவில்லை. மறுபடி மென்றான். நாவில் கரைய வேண்டிய சோறு கரையவில்லை, குறையவில்லை, ஆறவில்லை. துப்பப் பார்த்தான். அதுவும் முடியவில்லை. மேட்டுக்குள் கேட்ட அதே சத்தம் இப்போது அரசன் வாயில் கேட்டது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. நிழல்கள் காலடியிலிருந்து வெளியே வந்தன, நீண்டன, மரங்களைத் தொட்டன. அரசன் இன்னும் மென்றுகொண்டிருந்தான். தாடை நோக, கண்ணில் நீர் வழிய மென்றான். இந்த முறை அது மானுக்காக வந்த கண்ணீரா, தனக்காக வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

கடைசியில் பாவாயியின் மடியில் இருந்த முயலைப் பார்த்தான். பார்த்தான் என்றால், அதன் முகத்தைப் பார்த்தான். எந்தப் பக்கம் கோணியிருக்கிறது, எந்தப் பல் எங்கே இடிக்கிறது, மூக்கு எதைத் தேடி அசைகிறது என்று பார்த்தான். பட்டில் வைத்து ஊட்ட வந்தவன் அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை.

வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, குழறிக் குழறிக் கேட்டான்.

"அதுக்கு... என்ன வேணும்?"

குன்றுடையூரில் நாலு ஆண்டுகளில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டு முடித்ததும் கவளம் அவன் தொண்டையில் இறங்கியது.

பாவாயி சொன்னாள். "கொழுக்கட்டைப்புல்லு. ரெண்டு நாள் நிழல்ல காய்ஞ்சது. நகத்தளவு நறுக்கணும். மத்தியானத்துல அது தன் உடம்புல இருந்து எடுக்கறதை எடுக்க விடணும், முகம் சுளிக்கக் கூடாது. பழம் கூடாது, சோறு கூடாது, நெய்யைக் கண்ணுல காட்டக் கூடாது. அவ்வளவுதான் சாமி. அப்புறம் நம்ம கையை நம்ம மடியிலேயே வெச்சுக்கணும். அதுதான் கொஞ்சம் கஷ்டம்."

மறுநாள் முரசு மாற்றி அறையப்பட்டது. வலையில் சிக்கிய உயிரை எடுத்துப் போகிறவர்கள் முதல் மூன்று நாள் எதையும் ஊட்டக் கூடாது. அது சிக்கிய இடத்தில் என்ன முளைக்கிறது, என்ன ஊர்கிறது, என்ன விழுகிறது என்று போய்ப் பார்த்து, அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும். காட்டுக்குப் போகத் தெம்பு வந்த உயிரைக் காட்டிலேயே விட்டுவிட வேண்டும். மாராயரைக் கௌதாரிகளுக்குக் கறையான் புற்றுத் தேடும் வேலையில் போட்டார்கள். ஆரம்பத்தில் மூக்கை மூடிக்கொண்டுதான் போனார்.

கோணவாய் முயலால் காட்டில் பிழைக்க முடியாது. புல்லை யார் நறுக்கிக் கொடுப்பார்கள்? ஆகவே அது பாவாயி வீட்டிலேயே ஆறு ஆண்டுகள் இருந்தது. நன்றாகத் தின்றது. கொழுத்தது. ஆனால் ஒரு நாளும் அவள் மடிக்கு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தொட வந்தால் சுவரோரம் ஒதுங்கியது.

நல்லாத்தாளால் இதைத் தாங்கவே முடியவில்லை. "ஏண்டி, இதுக்காக ஊரையே எதுத்து நின்னே. தினமும் உக்காந்து நறுக்கறே. ஒரு நாளாவது உன்னை நிமிந்து பாத்திருக்குமா இந்தக் கோணவாயன்?"

"இல்லைக்கா."

"அப்புறம் உனக்கு இதுல என்ன கிடைச்சுது?"

பாவாயி உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க, திங்குது" என்றாள்.

கேட்டவர்களே, எதிரே இருக்கும் உயிருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அறியாமல், நம் மனம் குளிர்வதற்காகக் கொடுப்பது எதுவும் கருணை ஆகாது.